எட்மன்டன் அக்கா வீட்டுக்கும் போயிட்டு வர்றோம்மா

கால்கரி, கனடா
13.7.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் லெட்டரும் சத்துமாவும் வந்து மூணு வாரம் ஆச்சு, இன்னிக்குத்தான் பதில் எழுத உக்காந்தேன், கோவிச்சுக்காதம்மா. போன்ல பேசிக்கிட்டுத்தான் இருக்கோம், ஆனா நீ நோட்டுப் பேப்பரக் கிழிச்சு பேனாவுல எழுதி மாவுப் பொட்டலத்துக்குள்ள வச்சு அனுப்பிருக்க, அதுக்கு போன்ல பதில் சொன்னா மனசுக்குச் சரியா படல. ரெண்டாவது பக்கத்துல எண்ணெக் கறை பட்ட எடத்துல ஏதோ எழுதிருக்க, "அப்பாவுக்கு முட்டி" வரைக்கும் தெரியுது, அதுக்கு மேல படிக்க முடியல. முட்டி வலியா, இல்ல டாக்டர் ஏதும் சொன்னாரா? அப்பாகிட்ட கேட்டா ஒண்ணுமில்லன்னுதான் சொல்லுவாரு, நீ எழுது.

வர்ற ஞாயித்துக்கெழம பாப்பாவுக்கு ஒரு வயசு முடியுது. கேசரியும் பாயசமும் செஞ்சு சாமி கும்பிடுறோம், அவ்வளவுதான். ஆடி முடிஞ்சு ஆவணி பொறந்ததும் கார்ல ஒரு அஞ்சு நாள் சுத்திட்டு வரலாம்னு இருக்கோம், அதப் பத்தித்தான் எழுதுறேன். உன் மாப்பிள்ளைக்கு இப்ப ஷிப்ட் கொஞ்சம் கம்மி பண்ணிருக்காங்க, அதனால லீவு ஈசியா கெடச்சுது, நீ அதுக்கெல்லாம் கவலப்படாத. அதோட இந்த வருஷம் கவர்ன்மென்ட்டே ஜூன் 20லேருந்து செப்டம்பர் 2 வரைக்கும் நாட்டுல இருக்குற தேசியப் பூங்கா எல்லாத்துக்கும் நுழைவுக் கட்டணம் இல்லன்னு சொல்லிட்டாங்க, இத விட்டா வேற எப்ப போறது.

இங்கேருந்து மேக்க ஒரு மணி நேரம் போனாலே மலை வந்துரும். மொத நாள் கேன்மோர்ல அவரு கூட வேல பாக்குறவங்க வீட்டுல தங்குறோம். மறுநாள் பான்ஃப் தாண்டி லேக் லூயிஸ், அங்கேருந்து ஜாஸ்பர் வரைக்கும் 232 கிலோமீட்டர், ரெண்டு பக்கமும் பனிமலதான், ஊருன்னு ஒண்ணும் கெடையாது. போன் சிக்னலும் முக்காவாசி எடத்துல இருக்காது, அதனால அன்னிக்கு நான் கூப்பிடலன்னா நீ பயந்துக்கிட்டு தம்பிய எழுப்பாத. நடுவுல ஒரே ஒரு எடத்துலதான் பெட்ரோல் பங்க், அங்க விலையும் ஜாஸ்தி, லேக் லூயிஸ்லயே டேங்க்க ரொப்பிட்டுப் போங்கன்னு பக்கத்து வீட்டுத் தாத்தா மூணு தடவ சொல்லிட்டாரு.

அந்தத் தாத்தாவப் பத்தி உனக்குச் சொல்லிருக்கேன்ல, பனி கொட்டுனா காலைல அஞ்சு மணிக்கே நம்ம வாசலையும் சேத்து அள்ளிப் போடுறவரு. முப்பது வருஷம் லாரி ஓட்டுனவரு. யார்கிட்டயும் நின்னு பேச மாட்டாரு, வணக்கம் சொன்னா கூட தலைய மட்டும் ஆட்டுவாரு. நாங்க இப்படிப் போறோம்னு தெரிஞ்சதுலேருந்து தெனம் ஒரு தடவ வந்து கதவத் தட்டுறாரு. ஒரு பழைய காலண்டர் அட்டைக்குப் பின்னாடி ரோட்ட வரஞ்சு, எங்கெங்க கக்கூஸ் இருக்கு, எங்க நிழல்ல வண்டிய நிப்பாட்டி புள்ளைய எறக்கி விடலாம்னு பென்சில்ல குறிச்சுக் குடுத்துட்டாரு.

நீ கேட்டியே, அஞ்சு நாளும் புள்ளைய கார்ல மாட்டுற அந்தக் கொழந்தச் சீட்டுல கட்டிப் போடணுமா, மடியில வச்சுக்கிட்டா என்னன்னு. கூடாதும்மா, சட்டமே அப்படித்தான், நானும் வைக்க மாட்டேன். ஒரு வயசுப் புள்ளைக்குத் தல கனம், கழுத்துக்கு இன்னும் பலம் வரல, சடக்குனு பிரேக் அடிச்சா நம்ம கை தாங்காது. அதனாலதான் சீட்ட பின்பக்கம் பாத்த மாதிரி மாட்டுறாங்க, அப்படி இருந்தா அடி பட்டாலும் முதுகு பூரா தாங்கிக்கும். போன வாரம் தாத்தா வந்து முழங்காலச் சீட்டுல அழுத்தி ஊனி பெல்ட்ட இழுத்து மாட்டுனாரு, அப்புறம் பெல்ட் போற எடத்துல பிடிச்சு ஆட்டிப் பாத்தாரு, ஒரு இஞ்சுக்கு மேல அசையக் கூடாதாம். சாய்மானம் பத்தலன்னு ஒரு துண்டச் சுருட்டி அடியில வச்சாரு. புள்ள அவரு காத புடிச்சு இழுத்துக்கிட்டே இருந்தா, அந்த மனுசன் அசையாம குனிஞ்சே இருந்தாரு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா வெளிய எடுத்து காலு கை நீட்ட விடணும், அதுக்கேத்த மாதிரிதான் எல்லாம் போட்டுருக்கோம்.

உன் மாப்பிள்ளைக்கு லேக் லூயிஸ்ல கூடாரம் போட்டுத் தங்கணும்னு ஆச. கூடாரம் போடுற எடத்தச் சுத்தி கரடி வராம கரண்ட் வேலி போட்டுருக்காங்க, மேகமல அடிவாரத்துல பன்னிக்குப் போடுவாங்களே அது மாதிரி. ராத்திரி குளிரு வேற, நான் ஒரே பேச்சா வேணாம்னுட்டேன். ஜாஸ்பர்லயும் ரூம் வாடக தாங்க முடியாது. போன வருஷம் ஜூலைல காட்டுத்தீ வந்து ஊருல மூணுல ஒரு பங்கு கட்டிடம் எரிஞ்சுபோச்சு, பாப்பாவ ஆஸ்பத்திரிலேருந்து வீட்டுக்குத் தூக்கிட்டு வந்த அதே வாரம், ஞாபகம் இருக்கா? அதனால 80 கிலோமீட்டர் தள்ளி ஹின்டன்னு ஒரு ஊருல அடுப்போட சேத்து ஒரு ரூம் ரெண்டு ராத்திரிக்குப் போட்டுருக்கு. குட்டி குக்கரும் பருப்புப் பொடியும் நெய்யும் எடுத்துக்கிட்டாச் சோத்துக்கு வழி ஆச்சு. பாப்பாவுக்கு பிளாஸ்க்ல வெந்நி, உன் சத்துமாவு. எங்களுக்கு மொத நாளைக்கு பொடி தடவுன இட்லி, மறுநாளைக்குப் புளிச்சோறு.

புளிச்சோறுன்னு எழுதுறப்பவே தொண்ட அடைக்குதும்மா. நம்ம எல்லாரும் வேன் பிடிச்சு கொடைக்கானல் போனோமே, டம் டம் பாறை கிட்ட வண்டிய நிப்பாட்டி வாழையிலையில நீ புளிச்சோறு வச்ச, பெரியம்மா அவிச்ச முட்ட உரிச்சு உரிச்சுக் குடுத்தாங்க. அக்காவும் நானும் வாந்தி எடுத்து ஒரே எலுமிச்சம்பழத்த மாத்தி மாத்தி மோந்துக்கிட்டு வந்தோம், இறங்குறப்ப அவ தோள்லயே தூங்கிட்டேன். இங்க கார்ல பின்னாடி நானும் பாப்பாவும் மட்டுந்தான். வெயிலு அவ கண்ணுல படாம இருக்க உன் பச்ச சுங்குடி சேலையில ஒரு பாதிய ஜன்னல்ல கட்டிருக்கேன். கொண்டு வந்ததுலேருந்து அத ஒரு தடவ கூட துவைக்கல. இப்ப வெயில் பட்டா அதுல இருக்குற கொஞ்ச வாசமும் போயிரும்னு தெரியும், ஆனாலும் அவ அந்தச் சேலைக்குள்ள கண்ண மூடட்டும்னுதான் கட்டுனேன். பகல்ல வீட்டுல அவளும் நானுமா இருக்கறப்ப சில நாள் சாயங்காலம் வரைக்கும் வேற ஆள் கொரலே கேக்காது.

அதனாலதான் இத உன்கிட்ட நேராச் சொல்லிடுறேன். திரும்பி வர்றப்ப வந்த வழியில வரல, எட்மன்டன் சுத்தி வர்றோம், ஒரு ராத்திரி அக்கா வீட்டுல தங்கப் போறோம். அவ பெரியப்பா மக, கெணத்துப் பங்குல பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் பேச்சு நின்னு நாலு வருஷம் ஆச்சு, எனக்குத் தெரியும். மோட்டார் ரூம் சாவி விசயத்துல பெரியப்பா பேசுனது தப்புதான், அதுல எனக்கு ரெண்டாவது பேச்சே இல்ல. ஆனா 300 கிலோமீட்டருக்குள்ள நம்ம ரத்தம்னு அவ ஒருத்திதாம்மா இருக்கா. நான் வந்த புதுசுல குளிர் கோட்டு வாங்கி பார்சல்ல அனுப்புனவ அவதான், இத நான் இதுவரைக்கும் வீட்டுல சொல்லல. இப்ப அவளுக்கு ஆறு மாசம். பெரியம்மாவுக்கு விசா கெடைக்கல. ஏழாம் மாசம் வளையல் போட அவளுக்கு யாரு இருக்கா? நான்தான் போடப் போறேன்.

அப்பாகிட்ட நீ பதமாச் சொல்லு, நான் கேட்டேன்னே சொல்லு.

காது குத்துக்கு அவசரப்படுத்தாதம்மா. இங்க கடையில துப்பாக்கி மாதிரி ஒண்ண வச்சு அடிச்சு விட்டுருறாங்க, எனக்குப் பிடிக்கல, தம்பி மடியில உக்கார வச்சு நம்ம கோயில்லதான் குத்தணும். ரெண்டு வயசுக்குள்ள வந்தா பாப்பாவுக்குத் தனி சீட்டு டிக்கெட் வேணாம், மடியில வச்சுக்கலாம், அதனால சித்திரைக்குள்ள வரப் பாக்குறோம். தையிலேயே வரலாம்னு நெனச்சோம், டிக்கெட் விலையெல்லாம் பாத்துட்டு சித்திரைன்னு வச்சுருக்கோம். தம்பிய இப்பவே தோடு வாங்க வேணாம்னு சொல்லு, தங்கம் விக்கிற விலைக்கு அவன் எதுக்குக் கடன் வாங்கணும்.

நீ செய்ய வேண்டியது ரெண்டு. ஒண்ணு, ஆவணியில கிளம்ப ஒரு நல்ல நாள் பாத்துச் சொல்லு, அஞ்சு நாளும் செப்டம்பர் 2க்குள்ள முடியணும். இன்னொண்ணு, வளகாப்புக்கு நம்ம வீட்டு மொற எனக்குத் தெரியல. ஒரு கைக்கு எத்தன வளையல், வேப்பிலக் காப்பு மொதல்லயா கடைசியிலயா, எத்தன சாதம் கிண்டணும், இதெல்லாம் பெரியம்மாவுக்குத்தான் தெரியும். கண்ணாடி வளையல் இங்கேயே வாங்கிட்டேன், பச்சையும் செவப்பும், அக்கா கை அளவு 2.6ன்னு ஒரு நெனப்பு, அதையும் பெரியம்மாகிட்ட கேட்டுரு. நாலு வீடு தள்ளித்தான இருக்காங்க, ஒரு எட்டு போயிட்டு வா.

அன்புடன்,
உன் மக