பாப்பாவுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை. புரட்டாசியில் ஏமாற்றிய மழை ஐப்பசியில் கொட்டிவிட்டது. கீழக்காட்டில் பருத்தி முளைத்திருக்கிறது.

கார் டயரை மாற்றிவிட்டாயா? முன்பக்கத்து இடது டயர் வழவழவென்று தேய்ந்திருந்தது, அங்கிருந்தபோதே சொன்னேன். ராத்திரியில் நெடுஞ்சாலையில் தனியாக வராதே. சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போடாதே.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் அரை மணி நேரம் பேசுகிறாய். போன் என் கைக்கு வந்ததும் உனக்கு வேலை வந்துவிடுகிறது. ஆறு வாரமாக இப்படித்தான். பெற்றவனிடம் இரண்டு வார்த்தை பேச நேரமில்லையா என்று கோபமாகக்கூட இருந்தது. இப்போது அந்தக் கோபம் இல்லை.

போன வாரம் நம் பள்ளியில் பேசக் கூப்பிட்டார்கள். அமெரிக்காவில், நீ இருக்கும் அலபாமா மாநிலத்தில் பார்த்ததைப் பற்றிப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். என் மகள் அழைத்துப் போய்க் காட்டினாள் என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். அதைச் சொல்லும்போது எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? பர்மிங்காமில் உன் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் அந்தப் பதினாறாவது தெரு தேவாலயத்தை, கறுப்பின மக்களின் கோயிலைப் பற்றிச் சொன்னேன். 1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமைக் காலையில் வெள்ளை இனவெறியர்கள் வைத்த குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் செத்துப்போனார்கள். மூன்று பேருக்கு 14 வயது, ஒருத்திக்கு 11. உங்கள் வயதுதான் என்றதும் வகுப்பு அமைதியாகிவிட்டது. எங்கோ இருக்கும் வேல்ஸ் நாட்டு மக்கள் காசு சேர்த்து அந்தக் கோயிலுக்கு ஒரு வண்ணக் கண்ணாடி ஜன்னல் செய்து அனுப்பினார்களே, அதையும் சொன்னேன்.

செல்மா பாலத்தைப் பலகையில் வரைந்தே காட்டினேன். 1965 மார்ச் 7 அன்று வாக்குரிமை கேட்டு நடந்த சுமார் 600 பேரைத் தடியாலும் கண்ணீர்ப் புகையாலும் அடித்து விரட்டியது, அதே மாதம் 25ஆம் தேதி 25,000 பேராக மான்ட்கோமரி போய்ச் சேர்ந்தது, 54 மைல், எல்லாவற்றையும் சொன்னேன். பாலத்துக்கு இன்னமும் எட்மண்ட் பெட்டஸ் என்ற அந்த வெள்ளை இனவெறியர் கூட்டத் தலைவனின் பெயரா சார் என்று ஒரு பெண் கேட்டாள். கெட்டிக்காரி.

அப்புறம் மார்ட்டின் லூதர் கிங் 1959இல் இந்தியா வந்த கதைக்கு வந்தேன். திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்குப் போகிறார். தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் ஒரு தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்துகிறார். முதலில் திடுக்கிட்டவர், தம் மக்களின் நிலையை நினைத்துப் பார்த்து, ஆம், நான் தீண்டத்தகாதவன்தான் என்று தமக்குள் ஒப்புக்கொள்கிறார். இந்த இடத்தில் எனக்குக் குரல் நின்றுவிட்டது. தண்ணீர் கேட்டேன். பிறகு பேச முடியவில்லை, பாப்பா. வயதாகிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

இதே கதையைச் செல்மா போகும் வழியில் நம்மோடு வந்த அந்தத் தம்பிக்கும் சொன்னேன், நினைவிருக்கிறதா? அவர் கார் ஓட்டிக்கொண்டே கேட்டார். அவர் கட்டி வந்த எலுமிச்சைச் சாதத்தை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். வெள்ளையர் கும்பல்கள் அடித்தும் தூக்கிலிட்டும் கொன்ற கறுப்பின மக்களுக்காக மான்ட்கோமரியில் கட்டிய நினைவிடத்தில் அந்த எண்ணூறு இரும்புத் தூண்கள் முதலில் கண்ணுக்கு நேராக நின்றன. தரை சரியச் சரியத் தலைக்கு மேலே தொங்கின. என் கால் தடுமாறியபோது கையைப் பிடித்துக்கொண்டவரும் அவர்தான். வெள்ளைக்கார முதலாளியின் மனைவிக்குப் பின்னால் நடந்து போனதற்காக 1894இல் ஒருவரைத் தூக்கிலிட்டார்கள் என்று எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். அருங்காட்சியகத்தில், அப்படிக் கொன்ற இடங்களிலிருந்து எடுத்த மண்ணைச் சீசா சீசாவாக அடுக்கி வைத்திருந்தார்கள். ஒன்றைப் பார்த்து, இது நம் கரிசல் மாதிரியே இருக்கிறதே என்றேன். எங்கள் காட்டு மண்ணும் இதே நிறம்தான் அப்பா என்றார் தம்பி.

திரும்பும்போது அதைப் பிடித்துக்கொண்டுதான் கேட்டேன். சங்கரன்கோவில் பக்கம் என்றால் எந்த ஊர்? ஊருக்குள் எந்தத் தெரு?

அவர் சாலையைப் பார்த்தபடியே, “காலனிதான் அப்பா” என்றார். நான் “அப்படியா” என்றேன். பின் இருக்கையிலிருந்து நீ அதைக் கேட்டாய். வழியில் பெட்ரோல் போட நின்றபோது அவர் காபி வாங்கி வந்தார். வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். வயிறு நன்றாகத்தான் இருந்தது. உனக்கும் தெரியும். வீடு வந்து சேரும்வரை நீ பேசவே இல்லை.

தீண்டாமை ஒரு பாவச்செயல், பெருங்குற்றம், மனிதத்தன்மையற்ற செயல் என்று முதல் பக்கத்தில் அச்சடித்த புத்தகத்தை 33 வருடம் கையில் வைத்துக்கொண்டு வரலாறு நடத்தினேன்.

இன்னொன்றும் இருக்கிறது. சின்ன அத்தையின் கடிதம் தாத்தா கைக்கு எப்படிப் போனது என்று சிறு வயதில் நீ கேட்டிருக்கிறாய். தபால்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டார் என்றுதான் வீட்டில் எல்லோரும் நம்புகிறோம், அத்தை உட்பட. நான்தான் கொடுத்தேன். அவள் தலையணைக்கு அடியிலிருந்து எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அப்போது எனக்கு 22 வயது. நல்லது செய்வதாக நினைத்தேன். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். அத்தை இன்றைக்கும் ஒவ்வொரு தீபாவளிக்கும் எனக்கு வேட்டி எடுத்துத் தருகிறாள். நான் வாங்கிக் கட்டிக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை அவள் வீட்டுக்குப் போகிறேன். என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியவில்லை. ஆனால் சொல்லிவிடுவேன்.

தம்பியின் முகவரியை அனுப்பு. அவருக்குத் தனியாக எழுத வேண்டும். உன் மூலமாகச் சொல்லி அனுப்புவது முறையல்ல. அவர் பதில் எழுத வேண்டும் என்று நீ வற்புறுத்தாதே. உன்னிடமும் வேறெதுவும் நான் கேட்கப்போவதில்லை. நீயாகச் சொல்லும்போது கேட்டுக்கொள்கிறேன்.

டயரை மட்டும் மாற்றிவிடு, பாப்பா.

அம்மா எள்ளுப்பொடி இடித்து வைத்திருக்கிறாள். இரண்டு பொட்டலமாகக் கட்டச் சொல்லியிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா