மூச்சுவழியைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வாயில் கட்டியுடன் பிறந்த பெண் குழந்தையின் செய்தியைப் படத்தோடு வெளியிட்டு, ‘அதிசயக் குழந்தை’ என்று தலைப்பும் போட்டிருந்தீர்கள். பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக வேலை பார்க்கும் எனக்கு அது உறுத்தியது.

படத்தை வைத்து நோயைச் சொல்லக் கூடாதுதான். ஆனால் எங்கள் வார்டுக்கு வந்த ஒரு குழந்தைக்கும் மேல் ஈறிலிருந்து, சிறு காம்போடு, வழவழவென்று இளஞ்சிவப்பாக ஒரு கட்டி தொங்கியது. வாயை மூட முடியவில்லை, மார்பைப் பிடிக்க முடியவில்லை. குழாய் வழியாகத்தான் பால் கொடுத்தோம். பிறவி எபுலிஸ் என்றார் டாக்டர். 1871-லேயே நியூமன் என்ற ஜெர்மன் மருத்துவர் விவரித்த கட்டி. பெரும்பாலும் பெண் குழந்தைகளுக்கே வரும், புற்றுநோய் அல்ல, வெட்டி எடுத்துவிட்டால் மறுபடி வளர்வதில்லை. இத்தனையும் சொன்ன பிறகும் உறவினர்கள் அந்தத் தாயிடம், “மாசமா இருக்கும்போது என்ன மாத்திரை போட்ட?” என்று துளைத்துக்கொண்டே இருந்தார்கள். கட்டியை எடுத்த பிறகு அந்தக் குழந்தை பால் குடித்த வேகத்தைப் பார்த்து வார்டே சிரித்தது. சரி, அது சுலபமான கதை.

கழுத்தில் வரும் டெரட்டோமாவும் (பலவகைத் திசுக்கள் கலந்து வளரும் கட்டி), நிணநீர் தேங்கி வீங்கும் பெரிய கட்டிகளும் அப்படியல்ல. அவை பெரும்பாலும் புற்றுநோயாக இருப்பதில்லை. ஆனாலும் மூச்சுக்குழாயை நெருக்கிவிட்டால், தொப்புள்கொடியை வெட்டிய சில நிமிடங்களிலேயே குழந்தையின் உயிர் போகலாம். பார்ப்பவர்கள் கட்டி எவ்வளவு பெரிது என்று பார்க்கிறார்கள். நாங்கள் முதலில் பார்ப்பது நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்றுதான்.

இதைப் பிறக்கும் முன்பே பல நேரம் கண்டுபிடித்துவிடலாம். கட்டி தொண்டையை அடைத்தால் குழந்தையால் பனிக்குட நீரை விழுங்க முடியாது. நீர் கூடிக்கொண்டே போகும். நீர் கூடுவதற்கு வேறு காரணங்களும் உண்டு என்றாலும், ஸ்கேனில் அப்படித் தெரிந்தால் குழந்தையின் முகத்தையும் கழுத்தையும் நிதானமாகப் பார்க்க வேண்டும். முன்கூட்டியே தெரிந்தால் ‘எக்ஸிட்’ முறையில் பிரசவம் பார்க்கலாம்: சிசேரியனில் தலையையும் தோளையும் மட்டும் வெளியே எடுத்து, நஞ்சுக்கொடி வழியாக ஆக்சிஜன் போய்க்கொண்டிருக்கும்போதே மூச்சுக்குழாயில் குழாய் செலுத்துவார்கள். அப்புறம்தான் தொப்புள்கொடியை வெட்டுவார்கள். இதற்கு மயக்க மருத்துவர், காது மூக்கு தொண்டை நிபுணர், குழந்தை அறுவை நிபுணர் எல்லோரும் ஒரே அறையில் தயாராக நிற்க வேண்டும். நடு ராத்திரியில் வலி வந்த பிறகு இவர்களைத் திரட்ட முடியாது.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால் குழந்தையின் முகத்தைப் போடாதீர்கள். அந்த இடத்தில், ஸ்கேனில் ‘நீர் அதிகம்’ என்று வந்தால் டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று நான்கு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு செவிலியர்