அம்மாவுக்கு, கல்யாணத்துக்கு வருவதற்கு முன்னால்

அம்மா,

டிக்கெட் போட்டாச்சு. தம்பி கல்யாணத்துக்கு மூன்று பேரும் வருகிறோம். போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன், அதனால் எழுதுகிறேன். நம் சொந்தக்காரர்களும் இதைப் படிப்பார்கள். ஆகவே யார் என்ன சொன்னார்கள் என்பதை விட்டுவிடுகிறேன். உனக்குத் தெரியாததா?

உன் பேத்தி தன் சுருட்டை முடியை நேராக்காமல், இழுத்துக் கட்டி மறைக்காமல், அப்படியே வருவாள்.

போன தடவை திண்ணையில் அவளை மடியோடு உட்கார வைத்துக்கொண்டு, எனக்கு வாருகிற அதே சீப்பை உச்சியிலிருந்து இழுத்தாய். ஒரு பல் உடைந்து தெறித்தது. "அப்படியே அப்பன் முடி, என்னமா முரண்டு பிடிக்குது" என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். அவள் அழவில்லை. பாவாடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஸாரி பாட்டி" என்றாள். தன் தலையில் முளைத்த முடிக்காகக் குழந்தை மன்னிப்புக் கேட்கிறது! சீப்பைப் பிடுங்கி முற்றத்தில் எறிந்தேன். அத்தனை பேர் முன்னால் அப்படிச் செய்தது தப்புதான், மன்னித்துக்கொள். இன்னொரு தடவை நடந்தாலும் எறிவேன்.

இங்கே நியூ ஜெர்சியில் அவளுக்குத் தலை வாருவது அவள் அத்தை. ஞாயிறு மதியம் முழுக்க அதற்கே போகும். தண்ணீர் தெளித்து, கண்டிஷனர் தடவி, பாகம் பாகமாகப் பிரித்து கிளிப் போட்டு, முதலில் விரலால், அப்புறம் அகலப் பல் சீப்பால், நுனியிலிருந்து தொடங்கி மேலே போவாள். அந்த மாதிரிச் சுருளில் தலையின் எண்ணெய்ப் பசை நுனிவரை இறங்காது. காய்ந்த முடியை வாரினால் ஒடியும். ஒரு சுருளை இழுத்தால் தோளைத் தொடுகிறது, விட்டால் காதுக்கு மேலே ஓடிவிடுகிறது. கண்ணாடி முன்னால் நின்று இதையே செய்து செய்து பார்ப்பாள். "எனக்கு ரகசியமா நீள முடி இருக்கு" என்று அவள் அப்பாவிடம் சொன்னாள்.

முடிக்குப் போய் இவ்வளவு பேச்சா என்று கேட்டாய். இந்த ஊரில் உண்டு. 2018 டிசம்பர் 19 அன்று இதே மாநிலத்தில், மல்யுத்தம் பண்ண வந்த அவள் அப்பாவைப் போலவே கறுப்பினத்தைச் சேர்ந்த ஒரு பள்ளி மாணவனின் சடைமுடியை, நடுவர் சொன்னார் என்று அரங்கத்திலேயே வெட்டினார்கள். சரியாக ஒரு வருஷம் கழித்து அதே தேதியில், முடியைக் காரணம் காட்டி ஒதுக்கக் கூடாது என்று இங்கே சட்டம் கையெழுத்தானது. பார்லரில் நேராக்கிவிடலாம் என்று யோசனை சொன்னவர்களுக்கும் ஒன்று: அடிக்கடி முடி நேராக்கும் ரசாயனம் போடுகிற பெண்களுக்குக் கருப்பைப் புற்றுநோய் கூடுதலாக வருவதை 2022-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன ஆய்வாளர்கள் கண்டார்கள்.

திருத்தணியில் எனக்கு மொட்டை போட்டாயே, அந்த மாதிரிக் கோயில் முடி ஏலம் போய், விக்காகவும் ஒட்டுமுடியாகவும் இந்த ஊர்க் கடைகளில் தொங்குகிறது. அத்தையோடு போனவள், 'இந்தியன் ஹேர்' என்று போட்டிருந்த பாக்கெட்டைக் காட்டி, "இது அம்மா முடியா?" என்று கேட்டிருக்கிறாள். உனக்கு வேணுமா என்றதற்கு, "எனக்குத்தான் நிறைய இருக்கே" என்றாளாம்.

உன் முடியும் சுருட்டைதான். அப்பாயி பேச்சுக்குப் பயந்து காலம் பூரா எண்ணெய் போட்டு அமுக்கிக் கொண்டையாக்கினாய். அந்தப் பயத்தை அப்படியே என் பிள்ளை தலையில் இறக்கப் பார்த்தாயே, அது ஆறவில்லை.

ஆனால் நீ எண்ணெயைச் சுடவைத்து அவள் உச்சியில் வைத்தது அவளுக்கு நினைவிருக்கிறது. பாட்டி திரும்ப வைப்பாங்களா என்கிறாள். வை. சீப்பை மட்டும் எடுக்காதே, அதை நான் கொண்டு வருகிறேன். பார்லர் யோசனை சொன்னவரிடம் நீயே பேசிவிடு. நான் பேசினால் கல்யாண வீட்டில் சண்டையாகும்.