குக்கருக்குப் போட்ட ஓட்டும் இனி போடப்போகும் ஓட்டும்

2025 நவம்பர்

அன்புள்ள மகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. "எவன் வந்தாலும் ஒண்ணுதாம்மா, இனிமே ஓட்டே போடப் போறதில்ல, போனாலும் நோட்டாதான்" என்றாய். அப்பா பக்கத்தில் இருந்தார். பேச்சு சண்டையாகிவிடும் என்று விட்டுவிட்டேன்.

உன் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். 2017 டிசம்பரில் நடந்த ஆர்.கே. நகர் இடைத்தேர்தலில்தான் நீ முதல் ஓட்டுப் போட்டாய். ஜெயலலிதா அம்மா இறந்து ஒரு வருஷமாகத் தொகுதிக்கு எம்.எல்.ஏ.வே இல்லை. ஏப்ரலில் நடக்க வேண்டிய தேர்தலையும் பணப்பட்டுவாடா புகார் என்று ஆணையம் ரத்து செய்திருந்தது. இரட்டை இலையும் வேண்டாம், உதயசூரியனும் வேண்டாம் என்று, சுயேச்சையாக நின்ற டி.டி.வி. தினகரனின் குக்கர் சின்னத்துக்குப் போட்டாய். மொத்தம் 89,013 பேர் அப்படிப் போட்டார்கள். அ.தி.மு.க.வை 40,707 ஓட்டில் தோற்கடித்தார்; தி.மு.க.வுக்கு டெபாசிட்டே போய்விட்டது.

அதற்கப்புறம், ஓட்டுக்குப் பணம் தருவதற்கு அடையாளமாக இருபது ரூபாய் நோட்டு வாங்கினார்கள், "இருபது ரூபாய் டோக்கன்" என்று சொல்லி நம் தொகுதி ஜனங்களையே கேவலமாகப் பேசினார்கள். எனக்கு அது இன்றைக்கும் ஆறவில்லை. நீ யாரிடமும் ஒரு பைசா வாங்கவில்லை. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் தினமும் காத்துக் கிடந்து காலேஜுக்கு லேட்டாகப் போனவன் நீ. குழாயைத் திறந்தால் சாக்கடை நாற்றம் அடிக்கிறது என்று முதல் நாலு குடத்தைக் கீழே கொட்டிவிட்டு ஐந்தாவதைப் பிடித்துக் கொடுத்தவன். மாறி மாறி ஆண்ட இரண்டு கட்சிக்கும் ஒரு அடி கொடுக்க நினைத்தாய். அந்த ஓட்டு நியாயமான ஓட்டுதான், அதை யாரிடமும் சொல்வேன்.

கசந்து போனது பிறகு நடந்ததில். 2021இல் தினகரன் கோவில்பட்டிக்குப் போய் நின்றார். 2024இல் பா.ஜ.க. கூட்டணியில் தேனியில் நின்றார். 2025 செப்டம்பரில் அந்தக் கூட்டணியை விட்டும் வெளியே வந்தார். கட்சி நடத்துகிறவருக்கு ஆயிரம் கணக்கு இருக்கலாம். ஆனால் நம்மிடம் ஓட்டு வாங்கி ஜெயித்தவர் அடுத்த முறை வேறு ஊரில் மனு போட்டால், போட்டவனுக்கு வலிக்கத்தான் செய்யும்.

சரி, அதற்காக நோட்டாவா? அதே இடைத்தேர்தலில் நோட்டாவுக்கு 2,373 ஓட்டு விழுந்தது, பா.ஜ.க. அதைவிடக் கம்மி. ஒரு நாள் செய்தியில் ஓடியது, அவ்வளவுதான். நோட்டாவே முதலிடம் வந்தாலும் அடுத்தபடியாக அதிக ஓட்டு வாங்கியவர்தான் ஜெயித்தவர். அந்தப் பட்டனால் நம் தெருவுக்கு ஒன்றும் ஆகாது.

மூன்றாவது கட்சிக்குப் போட்டால் வீண் என்று அப்பா சொல்வதையும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. 2006இல் விஜயகாந்த் ஒருவர் மட்டும்தான் விருத்தாசலத்தில் ஜெயித்தார், ஆனால் அவர் கட்சி வாங்கிய எட்டு சதவீதத்தைப் பார்த்துப் பெரிய கட்சிகள் கணக்குப் போட ஆரம்பித்தன. 2011இல் அ.தி.மு.க. கூட்டணியில் 29 இடம் ஜெயித்து எதிர்க்கட்சித் தலைவர் ஆனார். அப்படி வந்த கட்சி 2016இல் மக்கள் நலக் கூட்டணியோடு நின்று ஒரு இடம்கூட வாங்கவில்லை. கமல் 2021இல் கோவை தெற்கில் 1,728 ஓட்டில் தோற்றார், இப்போது தி.மு.க. கூட்டணியில் ராஜ்யசபா எம்.பி. தனியாக வந்தவர்கள் கடைசியில் ஒரு பெரிய கட்சியின் நிழலுக்குத்தான் போகிறார்கள் என்ற உன் பேச்சில் உண்மை இருக்கிறது.

நாம் தமிழர் மட்டும் 2016லிருந்து தனியாகவே நிற்கிறது. 2024இல் எட்டு சதவீதத்தைத் தாண்டி மாநிலக் கட்சி அங்கீகாரமும் வாங்கிவிட்டது. வேட்பாளர்களில் சரிபாதி பெண்கள் என்பது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், வேறு யாரும் அதைச் செய்யவில்லை. ஆனால் யார் தமிழர், யார் இல்லை என்று மேடையில் பேசும்போது மனசு ஒட்டமாட்டேன் என்கிறது. நம் சந்தில் எதிர்வீடு தெலுங்கு பேசுகிறவர்கள், கடைசி வீட்டில் உருது. உனக்கு மஞ்சள்காமாலை வந்தபோது ராத்திரியில் ஆட்டோ பிடித்து ஸ்டான்லிக்குக் கூட்டிக்கொண்டு ஓடியது யார்?

விஜய் கட்சியைப் பற்றி உன் சிநேகிதர்கள் ஆசையாகப் பேசுகிறார்கள். கரூரில் அவர் பிரசாரக் கூட்டத்தின் நெரிசலில் 41 உயிர் போனதிலிருந்து எனக்கு அந்தக் கூட்டத்தைப் பார்த்தாலே வயிறு கலங்குகிறது. யார் மேல் தப்பு என்று விசாரணை சொல்லட்டும். நம் தொகுதியில் அவர்கள் யாரை நிறுத்துகிறார்கள், அந்த ஆளுக்கு இந்த ஏரியா தெரியுமா என்பதைப் பார்த்துவிட்டுத்தான் நான் முடிவு செய்வேன்.

கொடுங்கையூரில் குப்பை எரிஉலை வேண்டாம் என்று 2025இல் ஜனங்கள் கைகோத்து நின்றார்களே, அதுபோன்ற நாளில் வெயிலில் வந்து நிற்கிற முகம் எது என்பதைத்தான் நான் கவனிக்கிறேன். கொடி எதுவானாலும் பரவாயில்லை.

வாக்காளர் பட்டியலைத் திருத்துவதற்கான எஸ்.ஐ.ஆர். படிவம் உன் பெயரிலும் வந்திருக்கிறது. அதில் இருப்பது உன் பதினெட்டு வயசு போட்டோ, மீசைகூட இல்லை. பழைய பட்டியலில் இருந்த அப்பா விவரத்தை எழுதி, உறவுமுறை போட்டு நானே கையெழுத்துப் போடலாமாம். ஆனால் நீ சரி என்று சொல்லாமல் போட எனக்கு மனசில்லை. ஓசூரில் இருப்பது வாடகை ரூம், உன் வீடு தண்டையார்பேட்டை. பட்டியலில் பெயர் இல்லாமல் போனால் உன் கோபத்தைக் காட்டக்கூட வழியிருக்காது. நாளைக்குள் பதில் சொல்.

ஓட்டுக் கேட்டு யார் நம் சந்துக்கு வந்தாலும், தோற்றாலும் அடுத்த தேர்தலில் இதே தொகுதியில்தான் நிற்பீர்களா, ஜெயித்தால் யாரோடு சேர மாட்டீர்கள் என்று நேராகக் கேட்கப் போகிறேன். என்ன பதில் சொன்னார்கள் என்று அன்றன்றைக்கே உனக்கு போன் பண்ணுகிறேன். அதைக் கேட்டுவிட்டு யாருக்குப் போடுவது என்று நீயே முடிவு பண்ணு.

அன்புடன்,
அம்மா