உள்ளானை யார் எண்ணுகிறார்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வேடந்தாங்கலில் சீசன் தொடங்கிவிட்டது என்று படத்தோடு செய்தி போட்டிருந்தீர்கள். கூழைக்கடா, நத்தை குத்தி நாரை, அரிவாள் மூக்கன் எல்லாம் வந்தாயிற்று, சரி. என் நிலம் அந்த ஏரியிலிருந்து நாலு கிலோமீட்டர். உங்கள் படத்தில் இல்லாத ஒரு பறவையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

உள்ளான். கைக்குள் அடங்கிவிடும். சைபீரியாப் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு ஆகஸ்ட், செப்டம்பரிலேயே எங்கள் சேற்றில் வந்து இறங்கும். அப்போது வேடந்தாங்கல் ஏரியில் பெரும்பாலும் தண்ணீர் இருக்காது. மழை பிடித்து ஏரி நிரம்பினாலும் அது அங்கே போய் மரத்தில் கூடு கட்டப் போவதில்லை. கிணற்றுத் தண்ணீரில் சேடை ஓட்டிச் சேறாக்கிய வயல், சின்ன ஏரிகளின் ஓரச் சகதி, இவற்றை நம்பித்தான் கோடை வரை அதன் பிழைப்பு.

போன வருஷம் பக்கத்து வயலில் சம்பா நாற்றங்காலுக்குக் குருணைப் பூச்சிமருந்து போட்டார்கள். மறுநாள் விடியற்காலை மடை திருப்பப் போனேன். வரப்போரம் ஏழு உள்ளான் செத்துக் கிடந்தன. அலகில் ஒட்டிய சேறு கூடக் காயவில்லை. போட்டவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அதற்கு முந்தின போகம் நானும் அதையேதான் போட்டேன்.

நாரைகளுக்கும் கூடுதான் ஏரியில், சாப்பாடு வெளியே. பிப்ரவரி, மார்ச்சில் குஞ்சுகள் இரைக்குக் கத்திக்கொண்டிருக்கும்போது, சுற்றுவட்ட ஏரிகளில் மீன் ஏலம் எடுத்தவர்கள் தண்ணீரை வடித்துவிட்டுப் பிடிக்கிறார்கள். நாரை இறங்கினால் வெடி போடுகிறார்கள். அவர்களும் காசு போட்டவர்கள், என்ன செய்வது?

சிப்பாய்கள் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று ஊர்க்காரர்கள் முறையிட்டு, 1798-ல் ஆங்கிலேயக் கலெக்டர் பிளேஸிடம் இனிச் சுடக்கூடாது என்று எழுதியே வாங்கினார்கள். 1998-ல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் சரணாலயமானது. 2020-ல் அதை 3 ஆக்கப் பார்த்தார்கள். ஆக்கியிருந்தால் என் நிலம் எல்லைக்கு வெளியே போய் மனை விலை ஏறியிருக்கும். இருந்தும் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டேன். ஆனால் எல்லைக்குள் இருக்கும் என் வயலில் எந்த மருந்து போடலாம், எந்த மாதம் போடக்கூடாது என்று இத்தனை வருஷத்தில் ஒருவரும் வந்து சொன்னதில்லை.

மீன் ஏல நிபந்தனையில் ஒரு வரி சேர்க்கலாம்: ஏப்ரல் முடியும்வரை அந்த ஏரியில் முழங்கால் தண்ணீராவது நிற்க வேண்டும். அந்த நஷ்டத்துக்கு ஏலத்தொகையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளட்டும். பறவைக் கணக்கெடுப்பு ஏரிக்கரையோடு நிற்காமல், ஆகஸ்ட்டிலேயே எங்கள் வயல்களுக்கும் வரட்டும்.

இந்த வருஷம் நான் குருணை போடவில்லை. குருத்துப்பூச்சி விழுந்து கால் காணி போயிற்று. அதை யார் கணக்கில் எழுதுவது என்பதையும் யாராவது சொன்னால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
மதுராந்தகம் வட்டம்.