கதிரின் விளையாட்டு

அன்புள்ள தேன்மொழி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது. ரம்யாவுக்குக் கோவையில் வேலை கிடைத்திருக்கிறது, மாதக் கடைசியில் சேர்கிறாள். மற்றதை நேரில் பேசலாம். எனக்கு இப்போது கதிர் நினைப்புதான்.

ராத்திரி முழுக்க கேம் ஆடுகிறான், இவன் எப்படி உருப்படுவான் என்று கேட்டிருக்கிறாய். என்ன கேம் என்று எழுதவில்லையே? காசு கட்டி ஆடுகிற ரம்மி மாதிரி ஏதாவது என்றால் இன்றைக்கே நிறுத்து, அதில் பேச்சே வேண்டாம். வேறு கேம் என்றால் கொஞ்சம் பொறு.

ரம்யா லீவில் வந்தபோது செலஸ்ட் என்றொரு கேம் காட்டினாள். 2018-இல் வந்தது. பதற்றமும் மனச்சோர்வும் உள்ள மேடலின் என்ற பெண் ஒரு மலை ஏறுகிறாள், அவ்வளவுதான் கதை. ஆனால் ரொம்பக் கடினம். ஒரு தாவல் கொஞ்சம் பிசகினாலும் செத்துவிடுவாள். அடுத்த நொடியே அதே இடத்துக்குப் பக்கத்தில் திரும்ப நிற்பாள். மலையடிவாரத்திலிருந்து மறுபடி ஏறு என்று கேம் தண்டிப்பதில்லை. எத்தனை முறை செத்தாள் என்று கணக்கும் வைத்துக்கொள்கிறது. அந்த எண்ணிக்கைக்காகப் பெருமைப்படு, சாகச் சாகக் கற்றுக்கொள்கிறாய் என்று ஓர் அஞ்சலட்டை வந்து சொல்கிறது! மாதத் தேர்வில் மார்க் குறைந்து வரும் பிள்ளையிடம் நாம் யாராவது இப்படிப் பேசியிருக்கிறோமா, சொல்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. மேடலினின் பயமும் சந்தேகமுமே அவளைப் போல ஓர் உருவம் எடுத்து வந்து, உன்னால் முடியாது என்று துரத்துகிறது. நீ எனக்கு வேண்டாம் என்று அவள் அதை உதறப் பார்க்கிறாள். அது அவளை மலையிலிருந்து கீழே தள்ளிவிடுகிறது. பிறகு அதனோடு பேசி, சமாதானமாகி, இருவரும் சேர்ந்த பிறகுதான் அந்தரத்தில் ஒரு முறைக்குப் பதிலாக இரண்டு முறை பாய முடிகிறது. பயத்தை விரட்டாதே, கூட வைத்துக்கொள் என்பதை யாரும் உபதேசமாகச் சொல்லவில்லை. ஆடுகிறவரின் விரலுக்கே அது தெரிந்துவிடுகிறது. இதை எழுதும்போதுகூட எனக்குச் சிலிர்க்கிறது.

கேம் ஆடுகிறவர்கள் ஏன் அதில் ஒட்டிக்கொள்கிறார்கள் என்று ரயன், ரிக்பி, ப்ஷிபில்ஸ்கி என்ற மூன்று ஆய்வாளர்கள் 2006-இல் எழுதினார்கள். நானே முடிவெடுக்கிறேன், எனக்குத் திறமை கூடுகிறது, என்னோடு ஆட்கள் இருக்கிறார்கள் என்ற மூன்று உணர்வும் அங்கே கிடைக்கிறதாம். பன்னிரண்டாம் வகுப்பில் கதிருக்கு இந்த மூன்றில் எது கிடைக்கிறது? பள்ளி, டியூஷன், மறுபடி பள்ளி. எந்த குரூப் எடுப்பது என்பதையும் நீங்கள்தானே முடிவு செய்தீர்கள்? கோபித்துக்கொள்ளாதே, உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்.

அதற்காக விடிய விடிய ஆடட்டும் என்று சொல்லவில்லை. தூக்கம் கெட்டால் படித்தது தங்காது. உலக சுகாதார நிறுவனமும் கேம் அடிமைத்தனத்தை நோய்ப்பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனால் அதிக நேரம் ஆடுவதை மட்டும் வைத்து அதைச் சொல்லிவிட முடியாது. நிறுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும்விட அதுவே பெரிதாவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது, இவை பெரும்பாலும் ஒரு வருடமாவது நீடிப்பது என்று பார்க்கிறார்கள். சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறானா? நண்பர்களோடு வெளியே போகிறானா? அதைக் கவனி.

அப்புறம், கேமில் விடாமல் முயல்கிற பிள்ளை கணக்கிலும் தானாக அப்படி முயல்வான் என்று நான் நம்பவில்லை. யாராவது பேச்சுக் கொடுத்து இரண்டையும் சேர்த்துக் காட்ட வேண்டும். ஒரு நாள் அவன் பக்கத்தில் போய் உட்கார். இந்த இடத்தை எப்படித் தாண்டினாய் என்று கேள். திட்டத்தான் வந்திருக்கிறாய் என்று முதலில் முறைப்பான். சரி, முறைக்கட்டும். நீ எழுந்து போய்விடாதே.

அவன் என்ன சொன்னான் என்று எழுது. பொங்கலுக்கு வரும்போது கட்டாயம் அவனையும் கூட்டி வா. செலஸ்ட் கேமின் கடைசி அத்தியாயத்தில் ரம்யா ஓர் இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறாள், அவனிடம்தான் கேட்க வேண்டுமாம்.

அன்புடன்,
கோமதி