கிணறு பொது, கணக்கு தனித்தனி

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். ஓஎம்ஆரில் மெட்ரோ வேலை நடக்கிறது, ஆபீஸ் போய்ச் சேர்வதே பெரும்பாடு.

சரி, உன் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் சர்வருக்கு வருகிறேன். 64 ஜிபி ரேம் உள்ள மெஷினில் ஒவ்வொரு பிராசஸும் (ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்) 8 ஜிபி பிடித்திருப்பதாக டாப் கமாண்ட் காட்டுகிறது, இது எப்படி என்று கேட்டிருந்தாய். அதை நம்பாதே. ஒரே பொதுக் கிணற்றைப் பங்காளிகள் எல்லோரும் முழுசாகத் தன் சொத்தில் எழுதிக்கொண்ட கதை அது. எல்லா பிராசஸும் பகிரும் ஷேர்டு மெமரி ஒன்றுதான். அதைத் தொட்ட ஒவ்வொரு பிராசஸின் கணக்கிலும் அது ஏறிவிடுகிறது. லினக்ஸ் ஒவ்வொரு பிராசஸுக்கும் காட்டும் எஸ்மேப்ஸ் கோப்பில் பிஎஸ்எஸ் வரியைப் பார், அதுதான் பங்குக் கணக்கு. ஒரு பக்கத்தை, அதாவது மெமரியின் ஒரு துண்டை, எத்தனை பிராசஸ் பகிர்கிறதோ அத்தனையால் வகுத்துக் காட்டும்.

ஆனால் உன் சர்வர் மாலையில் திணறுவதற்கு நான் சந்தேகப்படுவது பேஜ் டேபிளை. மெமரி பொதுவாக இருந்தாலும், எந்தப் பக்கம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் டேபிள் பிராசஸுக்கு ஒன்று. 8 ஜிபியை 4 கேபி பக்கங்களாக வெட்டினால் சுமார் 21 லட்சம் பக்கம். ஒவ்வொன்றுக்கும் 8 பைட் பதிவு என்றால் 16 எம்பி. உன்னிடம் 500 கனெக்‌ஷன். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிராசஸ். பெருக்கிப் பார், கிட்டத்தட்ட இன்னொரு 8 ஜிபி! பக்கத்தைத் தொட்ட பிறகுதான் பதிவு விழும் என்பதால் காலையில் ஒன்றும் தெரியாது, போகப் போக ஏறும். மொத்த மெமரிக் கணக்கைச் சொல்லும் மெம்இன்ஃபோ கோப்பில் பேஜ்டேபிள்ஸ் என்று ஒரு வரி உண்டு. யாரும் அதை எட்டிப் பார்ப்பதில்லை.

இந்த 4 கேபி, 1985-ல் இன்டெல் 386 வந்தபோது வைத்த அளவு. ரேம் அளவு எங்கேயோ வளர்ந்துவிட்டது, இது மட்டும் அங்கேயே நிற்கிறது. 2 எம்பி அளவுள்ள பெரிய பக்கத்துக்கு, அதாவது ஹியூஜ் பேஜுக்கு, மாறினால் 16 எம்பி டேபிள் 32 கேபியாகச் சுருங்கும். அதற்கான இடத்தை லினக்ஸின் மையமான கர்னலில் முதலிலேயே ஒதுக்கிவிடு. அப்புறம், போஸ்ட்கிரெஸில் ஹியூஜ் பேஜ் அமைப்பு ‘ட்ரை’ என்றிருக்கும்; இடம் கிடைக்காவிட்டால் சத்தமில்லாமல் 4 கேபிக்கே போய்விடும். ‘ஆன்’ என்று மாற்று. கிடைக்காவிட்டால் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கும், எனக்கு அதுதான் பிடிக்கும். 500 கனெக்‌ஷன் எதற்கு என்று உன் டீமையும் ஒரு வார்த்தை கேள். சில கனெக்‌ஷன்களையே எல்லோருக்கும் மாற்றி மாற்றிக் கொடுக்கும் ஒரு பூலரை முன்னால் வைத்தாலே பாதிப் பிரச்சினை போகும்.

மாலையில் அந்த பேஜ்டேபிள்ஸ் வரி எவ்வளவு காட்டுகிறது என்று எழுது. பொங்கலுக்கு வருகிறாயா, அதையும் சொல்.

அன்புடன்,
உன் பழைய ரூம்மேட்